இது லீவு இல்லை

ஜூன் 2

லோகநாதன் வந்துவிட்டான். இம்முறை திரும்பிப் போவதற்காக வரவில்லை. ராணுவ மருத்துவப் பிரிவில் பதினேழு வருடம் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்து, ஹவில்தாராக ஓய்வுபெற்று, ஒரேயடியாக வீட்டுக்கு வந்திருக்கிறான் என் மகன்.

காட்பாடி ஸ்டேஷனுக்கு நானும் மருமகள் வேதவல்லியும் பேத்தி மதுமிதாவும் போயிருந்தோம். எங்கள் தெருவில் இருக்கும் சுபேதார் ஜெயபால் ரோஜா மாலையோடு வந்திருந்தார். அவர் படையிலிருந்து வந்து பல வருடம் ஆகிறது. இந்தப் பக்கத்தில் யார் ஓய்வுபெற்று வந்தாலும் மாலை அவருடையதுதான். லோகு கூச்சப்பட்டு மாலையைக் கழற்றி மதுமிதாவின் கழுத்தில் போட்டான். அவள் "தேங்க்ஸ்ப்பா" என்றாள், பஸ்ஸில் இடம் கொடுத்தவரிடம் சொல்வதுபோல.

பெயரும் எண்ணும் வெள்ளைப் பெயின்டில் எழுதிய அந்தக் கறுப்பு டிரங்குப் பெட்டியை வேதா ஹாலில் வாசற்பக்கமாக வைத்தாள். எப்போதும் அங்கேதான் வைப்பது. லீவு முடிந்ததும் எடுக்க வசதி.

ஜூன் 3

மட்டன் குழம்பு, ஈரல் வறுவல், ரசம். விளிம்பு வைத்த பெரிய தட்டு வெளியே வந்தது. லோகு வந்தால்தான் அந்தத் தட்டு வெளியே வரும்.

சாப்பிடும்போது மதுமிதா கேட்டாள்: "அப்பா, எந்தத் தேதி ட்ரெயின்?"

அவள் பேசக் கற்ற நாளிலிருந்து கேட்கும் கேள்வி அது. லோகு சிரித்தான். "ட்ரெயின் இல்லம்மா. இனிமே இங்கதான்." அவள் "ஓ" என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டாள். அவன் இரண்டாவது முறை சோறு வாங்கவில்லை. ரயிலில் வந்த களைப்பாக இருக்கும்.

ஜூன் 6

என் கண்ணைப் பற்றி இங்கே எழுதியதில்லை. எழுதுமளவுக்கு ஒன்றும் இல்லை. கண்ணில் அழுத்தம் கூடி நரம்பைக் கெடுக்கிறதாம், கிளாகோமா என்கிறார் டாக்டர். கெட்டுப்போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றக் காலையும் மாலையும் சொட்டு மருந்து விட வேண்டும். வாத்தியாராக இருந்தபோது வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதானால் இப்படிச் சொல்வேன்: ஏரிக்கரை உடைந்து போன தண்ணீர் போனதுதான், உடைப்பை அடைத்தால் இருக்கிற தண்ணீர் நிற்கும். அவ்வளவுதான் விஷயம். மருந்து பாட்டிலை அலமாரியில் பழைய அட்லஸுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

வேதா இன்று காலை மெதுவாகக் கேட்டாள், லோகுவிடம் எப்போது சொல்வதென்று. "இப்ப வேணாம்மா. லீவு முடியட்டும்" என்றேன். அவளும் சரி என்று தலையாட்டிவிட்டு அரிசி களையப் போனாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும், சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். இருவரும் சிரித்துவிட்டோம்.

சிப்பாய் வீட்டில் இது ஒரு பழக்கம். லீவில் வருகிறவனிடம் கெட்ட சேதி சொல்வதில்லை. அங்கே பனியில் நின்றுகொண்டு வீட்டை நினைத்து அல்லாடக் கூடாது என்பதற்காக ஆரம்பித்தது. போனிலும் அப்படித்தான்: எல்லாரும் நல்லா இருக்கோம், நீ உடம்பப் பாத்துக்கோ.

ஜூன் 11

ஜெயபால் வந்து ஒரு மணி நேரம் சட்டம் பேசினார். நல்ல சட்டங்கள்தான். படையை விட்டு வருகிறவனுக்கு அரசு வேலையில் தனி ஒதுக்கீடு உண்டு. வயது வரம்பில் தளர்வு உண்டு. பத்தாவது படித்துவிட்டுப் பதினைந்து வருடம் படையில் இருந்தவனைச் சில வேலைகளுக்குப் பட்டதாரிக்குச் சமமாக எடுத்துக்கொள்வார்களாம். எனக்கு அது மிகவும் பிடித்தது. ப்ளஸ் டூ முடித்ததும் ஆள் எடுப்பு முகாமுக்கு ஓடிவிட்டான் என்று நான் வருத்தப்பட்டதுண்டு.

"ஆனா ஒண்ணு வாத்தியாரே, இந்தச் சலுகை ஒரு தடவதான். ஒரு வேலையில உக்காந்துட்டான்னா அதோட முடிஞ்சுது" என்றார்.

தாலுகா மருத்துவமனையில் உதவியாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றும் சொன்னார். ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, அந்த மாதிரி. லோகு நிமிர்ந்து உட்கார்ந்தான். "எவ்ளோ பேரு எடுக்கறாங்கண்ணா?" என்று கேட்டான்.

நான் குறுக்கிட்டேன். பரீட்சை அறையில் ஒரே ஒரு வரைபடத் தாள் கொடுத்தால் கெட்டிக்காரப் பையன் எடுத்தவுடன் கோடு போட மாட்டான், யோசித்துத்தான் போடுவான் என்று சொன்னேன். பட்டதாரிக்குச் சமம் என்று சட்டமே சொல்லும்போது ஆபீஸ் வேலைக்குக் காத்திருக்கலாம். ஹவில்தாராக இருந்தவன் ஸ்ட்ரெச்சர் தள்ள வேண்டுமா என்றும் கேட்டேன். லோகு தரையைப் பார்த்தான். "சரி நைனா" என்றான்.

அவன் எப்போதுமே சொன்னால் கேட்கிற பிள்ளை.

ஜூன் 15

விடிவதற்கு முன்பே எழுந்து குளியலறைக்கு பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்திருக்கிறான். போர்வைகளை எல்லாம் செங்கல் மாதிரி மடித்திருக்கிறான். வேதா பதறிப்போய்த் துடைப்பத்தைப் பிடுங்கினாள். "நீங்க போயி உக்காருங்க. நான் பாத்துக்கறேன்." அவன் உட்கார்ந்தான். பேப்பர் படித்தான். படித்து முடித்துவிட்டு அதையும் மடித்தான்.

கடைக்குப் போகட்டுமா என்றான். மதுமிதா சைக்கிளில் போய்விட்டு வந்துவிட்டாள். கேஸ் சிலிண்டர் மாட்டட்டுமா என்றான். வேதா அதை முந்தின நாளே மாட்டிவிட்டாள். கெட்டிக்காரி. இந்த வீட்டை நானும் அவளும் ஒரு கடிகாரம்போல ஓட்டி வருகிறோம்.

ஜூன் 18

மழை. பின் அறையில் வழக்கமாக ஒழுகும் இடத்தில் குண்டான் வைத்தோம். அது எதற்கு என்று லோகு கேட்டபோது துணி ஊறப் போட்டிருப்பதாக வேதா சொன்னாள். அவன் குண்டானையும் பார்த்தான், கூரையையும் பார்த்தான். 

ஜூன் 22

காலையில் முதல் காபி நான்தான் போடுவது. இன்று காபியில் உப்பைப் போட்டுவிட்டேன். நேற்று லோகு சமையலறை டப்பாக்களை எல்லாம் உயர வரிசைப்படி அடுக்கிவிட்டான், அதனால் வந்த குழப்பம். ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிந்தால் போதும், கண்ணுக்கு வேலை இல்லை. இடத்தை மாற்றினால் கை என்ன செய்யும்? வேதாவும் கோபப்பட்டாள், ஆனால் அவன் எதிரில் காட்டவில்லை. டப்பாக்களைப் பழையபடி வைத்துவிட்டாள்.

லோகு உப்புக் காபியை ஒரு மடக்குக் குடித்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, ஹாலில் நான் நடக்கும் வழியில் கிடந்த நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தினான்.

ஜூன் 26

குடியாத்தம் போக நின்று பேரணாம்பட்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன். இப்போதெல்லாம் ஊர்ப் பெயரை மிகச் சின்னதாக எழுதுகிறார்கள்.

ஜூலை 1

மதுமிதாவின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். வழக்கம்போல நான் போனேன். லோகு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு ஹாலில் நின்றிருந்தான். வெளியே எங்காவது கிளம்புகிறான் போல என்று நினைத்துக்கொண்டு, வெயிலுக்கு முன் திரும்பிவிடு என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது அதே சட்டையோடு டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான்.

டீச்சர் சொன்னார்: மதுமிதா கணக்கில் ஃபெயில். ஏழாவதில் இப்படி விட்டால் பிறகு கஷ்டம். அவள் வழியெல்லாம் அழுதாள். "அப்பாகிட்ட சொல்லாதீங்க தாத்தா." சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கூட்டம் எப்படி இருந்தது என்று லோகு கேட்டதற்கு, நல்லா படிக்கிறாளாம் என்றேன்.

ஜூலை 9

வேதா அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவியபடியே சொன்னாள்: "மாமா, அவரு டி.எஸ்.சி.க்கு எழுதிக் குடுத்துட்டாராம். கூப்பிட்டுட்டாங்களாம். இருபத்தொண்ணாம் தேதி கண்ணூர்ல போயி நிக்கணுமாம்."

டி.எஸ்.சி. என்பது ராணுவக் கிடங்குகளைக் காவல் காக்கும் படை. ஓய்வுபெற்ற சிப்பாய்களைத்தான் அதில் எடுப்பார்கள். மறுபடி சீருடை, மறுபடி பாரக், மறுபடி லீவு. ஹவில்தாராக வந்தவன் அங்கே சிப்பாயாகத்தான் சேர வேண்டும் என்று ஜெயபால் ஒருமுறை சொல்லியிருக்கிறார். இன்னும் எத்தனையோ வருடம் ஓடலாம். மதுமிதாவுக்குக் கல்யாணம்கூட ஆகிவிடும்.

எதற்காக என்று கேட்டேன்.

வேதா துருவுவதை நிறுத்தினாள். "இந்த வீட்ல நான் இல்லன்னாலும் ஒண்ணும் நிக்கலன்னு சொல்றாரு. எனக்கு இன்னா சொல்றதுன்னு தெரியல மாமா. இத்தன வருஷமா போன்ல அதத்தானே சொன்னேன், நீங்க கவலப்படாதீங்க, நாங்க பாத்துக்கறோம்னு. நம்பிட்டாரு."

பிறகு கண்ணைப் பற்றியாவது சொல்லிவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பரீட்சையில் கேள்விக்குப் பதில் எழுதாமல், வீட்டுக் கஷ்டத்தை எழுதி மார்க் கேட்கிற பையன்கள் உண்டு. நான் அதற்கு ஒருநாளும் மார்க் போட்டதில்லை. என் குறையைக் காட்டி அவனை நிறுத்தி வைத்தால் அதுவும் அதே கதைதான். அவன் வாழ்க்கை, அவன் முடிவு.

தேங்காயில் பாதி ஓட்டோடு அப்படியே கிடந்தது. வேதா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

ஜூலை 10

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 14

ஜெயபாலைப் பார்க்கப் போனேன். டி.எஸ்.சி. நல்லதுதானே என்று அவர் வாயால் கேட்டுவிட்டு வரலாம் என்று நினைத்திருந்தேன். அவர் நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை. தான் வந்த புதிதில் நடந்ததைச் சொன்னார். வீட்டுக்கு வந்து மூன்று மாதம் அவர் மனைவி அவருக்குத் தினமும் பெரிய தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவாராம், விருந்தாளிக்கு நீட்டுவதுபோல. ஒருநாள் அந்தம்மாவே "கால் இருக்குதானே, போயி மோந்து குடி" என்று கத்தினாராம். "அன்னிக்குத்தான் வாத்தியாரே நான் ரிட்டயர் ஆனேன்" என்று சிரித்தார்.

மருத்துவமனை வேலைக்கு மனு கொடுக்க இன்னும் நாள் இருக்கிறதாம். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

திரும்பி வரும்போது சட்டத்தைப் பற்றி யோசித்துக்கொண்டு வந்தேன். அரசாங்கம் நூறு வேலை இருந்தால் அதில் இத்தனை என்று இவனுக்கு எடுத்து வைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் நூறு வேலை இருக்கிறது. கடைக்குப் போவது, சிலிண்டர் மாட்டுவது, பள்ளிக்கூடம், கூரை, கணக்கு. அதில் அவனுக்கென்று ஒன்றைக்கூட நாங்கள் எடுத்து வைக்கவில்லை.

ஜூலை 18

வேதா முறுக்குச் சுடுகிறாள். லீவு முடிகிற வாரம் எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி இறங்காது. பாரக்கில் கூட இருக்கிறவர்களுக்குச் சேர்த்து டின் டின்னாகப் போகும். எலுமிச்சை ஊறுகாய் ஆயிற்று. மதுமிதா கேட்காமலே டின்களுக்குப் பேப்பர் வெட்டினாள். யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எல்லா வேலையும் நடந்தது. எங்கள் வீட்டுக்கு ஆளை வழியனுப்பத் தெரிகிறது. வைத்துக்கொள்ளத்தான் தெரியவில்லை.

லோகு பெட்டியைத் துடைத்தான். பெயருக்கு மேல் இருந்த ஹவில்தார் என்ற எழுத்தைச் சுரண்டினான். அந்தச் சத்தம் பல்லைக் கூச வைத்தது.

ஜூலை 19

நடந்ததை நடந்த வரிசையில் எழுதப் பார்க்கிறேன்.

மாலைக் காபிக்குப் பிறகு வேதாவும் மதுமிதாவும் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார்கள். லோகு துணி மடித்துக்கொண்டிருந்தான். எல்லாம் செங்கல், செங்கலாக. அருகே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் மடிப்பது எனக்குத் தெரிந்தது. முகம் சரியாகத் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் இருந்தான், வெளிச்சம் பின்னால். அப்போது ஒன்று தோன்றியது. அடுத்த லீவுக்கு இவன் வரும்போது இந்தத் துணியாவது தெரியுமா?

எழுந்து போய் அட்லஸுக்குப் பின்னாலிருந்து மருந்து பாட்டிலை எடுத்து வந்தேன். அவன் முன்னால் நீட்டினேன்.

"லோகு, இத கொஞ்சம் ஊத்திவிடுடா. நானா ஊத்தினா பாதி கன்னத்துலதான் விழுது."

அவன் பாட்டிலை வாங்கவில்லை. என் கையைத்தான் பிடித்தான். 

"உப்புக் காபி குடிச்ச அன்னிக்கே தெரியும் நைனா" என்றான். "அட்லஸுக்குப் பின்னாடி பாத்தேன். தெனம் தூக்கிப் பாப்பேன், மருந்து கொறையுதா இல்லியான்னு. நீங்களா சொல்லுவீங்கன்னு காத்துகினு இருந்தேன். நான் கேட்டா, லீவுல வந்தவனுக்குச் சொல்ற மாதிரி ஒண்ணும் இல்லன்னுதான் சொல்லுவீங்க. அதக் கேக்க முடியாதுன்னுதான் கெளம்பிட்டேன்."

அவன் கை கழுவிக்கொண்டு வந்தான். என்னைச் சாய்த்து உட்கார வைத்தான். கீழ் இமையை ஒரு விரலால் இழுத்து ஒரே ஒரு சொட்டு. கன்னத்தில் ஈரமே இல்லை. கண்ணை மூடச் சொல்லி, மூக்குப் பக்கத்து ஓரத்தை விரல் நுனியால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். இப்படி அழுத்தாவிட்டால் மருந்து உள்ளே இறங்கி வீணாகிவிடுமாம். இத்தனை மாதம் நான் செய்தது பாதி வைத்தியம்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த விரலில் அவசரமே இல்லை. எத்தனை பேரை இப்படித் தொட்டிருப்பான். நான் ஒருநாளும் கேட்டதில்லை.

கண்ணை மூடியிருக்கும்போது பேசுவது எளிதாக இருக்கிறது. "அந்த ஆஸ்பத்திரி வேலைக்கு இன்னும் எழுதலாமாமே" என்றேன்.

"எழுதலாம். ஆனா என் சலுகை அதோட போயிடும் நைனா. நீங்க சொன்ன ஆபீஸ் வேல அப்புறம் கெடைக்காது."

"போகட்டும்டா. பெட்டியில வெச்சுப் பூட்டறதுக்கா குடுத்தாங்க? உனக்கு அந்த வேலை பிடிச்சிருக்கா, அத சொல்லு."

"அன்னிக்கே பிடிச்சுது."

"அப்ப ஏன்டா சரின்னு தலையாட்டின?"

"நீங்க சொன்னீங்களே."

அடுத்த கண்ணுக்கு மாறினான். நான் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. காரணங்களை அடுக்கி, உதாரணம் காட்டிச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஒரு உதாரணமும் வாயில் வரவில்லை.

"போகாதடா" என்றேன்.

விரல் கண்ணோரத்தில் அழுத்தியபடியே இருந்தது.  "அசையாதீங்க நைனா, மருந்து வெளிய வந்துடும்" என்றான். ஆனால் வெளியே வந்தது மருந்து இல்லை.

ஜூலை 20

லோகு மருத்துவமனை வேலைக்கு மனு கொடுத்துவிட்டான். கிடைக்குமா தெரியாது, இவனைப் போலப் பலர் எழுதியிருப்பார்களாம். கண்ணூருக்கு வரவில்லை என்றும் சொல்லிவிட்டான்.

முறுக்கு டின்கள் எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன. தெரு முழுக்கக் கொடுத்தும் தீரவில்லை.

ஜூலை 24

சண்டை. டப்பாக்களை மறுபடி மாற்றி அடுக்கினானாம். இந்தமுறை வேதா அவன் எதிரிலேயே கத்திவிட்டாள்: "இது உங்க ஆஸ்பத்திரி இல்ல, என் சமையக்கட்டு. அவ்ளோ கை அரிச்சா கூர மேல ஏறி ஓட்ட மாத்துங்க. எத்தன மழைக்குத்தான் நான் குண்டான் வெக்கறது?"  லோகு ஏணியைத் தேடிக்கொண்டு ஜெயபால் வீட்டுக்குப் போனான். விசில் அடித்துக்கொண்டு போனான்.

மதுமிதா கணக்கு மார்க்கை அவளே சொல்லிவிட்டாள். அடுத்த கூட்டத்துக்கு அப்பா வந்து திட்டு வாங்கிக்கொள்ளட்டும், தாத்தா வாங்கினது போதும் என்கிறாள்.

ஆகஸ்ட் 4

ஞாயிறு. பழைய குழம்பும் கத்தரிக்காயும்தான். எல்லாருக்கும் ஒரே மாதிரித் தட்டு. லோகு இரண்டு தடவை சோறு வாங்கினான். டிரங்குப் பெட்டி பின் அறைக்குப் போய்விட்டது. வேதா அதில் அரிசி கொட்டி வைத்திருக்கிறாள், எலி ஏற முடியாதாம்.

மாலையில் லோகுவோடு வேலை பார்த்த ஒருவர் லடாக்கிலிருந்து போன் செய்தார். நான் மருந்து விட்ட கண்களை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது. வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று அவர் கேட்டிருக்க வேண்டும்.

"எல்லாரும் நல்லா..." என்று ஆரம்பித்து லோகு நிறுத்தினான்.

பிறகு சொன்னான்: "நைனாவுக்குக் கண்ணு பாதி போயிடுச்சுப்பா. பொண்ணு கணக்குல ஃபெயிலு. கூர ஒழுகுது, நேத்து ஏறி இன்னும் ரெண்டு ஓட்ட ஒடச்சிட்டேன். வேதா ரெண்டு நாளா எங்கூட பேசல. ஆமா... ஆமா, வீட்லதான் இருக்கேன்."